காஜா முகைதீன் கிடையில் தாரா சாகாது

காஜா முகைதீன் கிடையில் தாரா சாகாது என்று ஏரல் சந்தை வரைக்கும் பேர். வாத்தைத்தான் இந்தப் பக்கம் தாரா என்பார்கள். மற்ற கிடைக்காரர்களுக்கு மழைக்குச் சாகும், வெயிலுக்குச் சாகும், ரோட்டைக் கடக்கும்போது மினிபஸ்ஸில் அடிபட்டுச் சாகும். இவருக்கு மட்டும் ஒன்றும் சாகாது. கைராசி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உண்மையான காரணம் அவர் இடுப்பு பெல்ட்டில் செருகியிருந்த கத்தி. ஒரு தாரா தலையைத் தொங்கப்போட்டால் போதும், அது கண்ணை மூடுவதற்குள் மனுஷன் ஓடிப்போய்த் தூக்கி, தொழுகிற கிப்லா பக்கம் திருப்பி, பிஸ்மி சொல்லி அறுத்துவிடுவார். தானாகச் செத்தது ஹராம், உயிர் இருக்கையில் அறுத்தது ஹலால். அவருடைய கால்நடை வைத்தியம் மொத்தமே அவ்வளவுதான். அறுத்த கறி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகும். அதனால் அந்தக் கத்தியை ஊரில் யாரும் குறை சொன்னதில்லை.

சவுதியில் ஒரு பண்ணையில் வருஷக்கணக்காகக் கிடந்து, அங்கே சேர்த்ததை இங்கே தாராவாக மாற்றிய ஆள் அவர். மாற்றியது அவர், மேய்த்தது அவர் பெண்டாட்டி ரைஹானத். நுனியில் சாக்குக் கிழிசல் கட்டிய நீளக் கம்பை அவள் ஒரு ஆட்டு ஆட்டினால், ரோடு நிறைய நடக்கிற அத்தனை தாராவும் ஒரே திருப்பாகத் திரும்பும். அவரும் அதே கம்பைத்தான் ஆட்டுவார். தாராக்கள் நின்று அவரை வேடிக்கை பார்க்கும்.

மணக்கால்குளத்தில் பிசான நெல் அறுப்பு முடிந்த மாசி மாசம். குளத்தை ஒட்டிக் கிடக்கிற அருணாசலம் அண்ணாச்சி வயலில் கிடை போட்டிருந்தார்கள். பகலில் தாரா வயலில் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் பொறுக்கும், குளத்தில் இறங்கிக் குளிக்கும். ராத்திரி வயலிலேயே வலை கட்டி அடைத்துவிட்டால், விடியும்போது முட்டை கிடக்கும். அண்ணாச்சி சுத்த சைவம், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், முட்டையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஆனால் தாரா எச்சம் விழுந்த வயலில் அடுத்த கார் நெல் எப்படி எழும்பும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் வருஷா வருஷம் இவர்களுக்குத்தான் வயல்.

குளத்தில் அப்போது வெளியூர்ப் பறவைகளின் கூட்டம். எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்த கிளுவைத் தாராக்கள், நெற்றியில் வெள்ளை பூசிய நாமக்கோழிகள், கரையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெரியமனுஷர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாக்கள். வீட்டுத் தாராவும் நாட்டைவிட்டு நாடு வந்த தாராவும் ஒரே தண்ணீரில் ஒன்றாக மூழ்கி ஒன்றாக எழுந்தன. அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. ரைஹானத்துக்குக்கூடப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நோன்பு மாசம். அன்று விடியுமுன் ஸஹர் சோற்றை முடித்து, சுபுஹு தொழுதுவிட்டு, ரைஹானத் கூடையோடு கிடைக்கு வந்தாள். கூடை பாதிகூட நிறையவில்லை. கிடந்த முட்டையிலும் பல தோல்முட்டை, விரல் பட்டாலே அமுங்கியது. வலையோரம் ஒரு தாரா கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணில் பால் ஊற்றியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது.

காஜா முகைதீன் கை இடுப்புக்குப் போயிற்று.

“மச்சான், பொறுங்க. இது எத்தனாவது?”

“எத்தனாவதுன்னா?”

“நேத்து அறுத்திய. முந்தாநாத்து அறுத்திய. அதுக்கு முந்தி மாரித்தாயக்கா வீட்டுக்கு ஒரு சட்டி கறி போச்சு, பள்ளிவாசல் மோதினார் வீட்டுக்கு ஒரு சட்டி போச்சு. நோம்பு மாசம், தாராளமா குடுக்கிய போலன்னு நெனச்சேன்.”

“வெயிலுட்டி. மாசி வெயிலு மண்டையப் பொளக்கு. அதுல ரெண்டு சொணங்கத்தான் செய்யும். ஒண்ணும் சாகலைல்லா?”

“சாக விட்டாத்தானே சாகும்.”

அவருக்குச் சுருக்கென்றது. தாராவைப் பிடிக்கக் குனிந்தார். ரைஹானத் குளத்துப் பக்கம் கையைக் காட்டினாள். கரையில் ஆம்பல் கொடிக்குள் ஒரு கிளுவை செத்துக் கிடந்தது. அதற்கும் கழுத்து முதுகுப் பக்கம் முறுகியிருந்தது.

“அதப் பாருங்க. இதையும் பாருங்க. ரெண்டும் ஒரே மாரி வானத்தப் பாக்கு. ரேடியோவுல சொன்னாவல்லா, மலையாளத்துப் பக்கம் தாராவுக்கு வந்த சீக்கு. பறவைக் காய்ச்சலு. அதான் இது.”

“ஏட்டி, வாயக் கழுவு.”

“கத்தியத் தொடாதிய.” அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இது சாகுதா பொழைக்கான்னு இன்னைக்குப் பாத்துருவோம்.”

பிடித்த பிடியை அவள் விடவில்லை. அவர் உதறினார், திட்டினார், கடைசியில் கெஞ்சினார். தாரா இன்னும் கொஞ்சம் சுற்றியது, காலை நீட்டிப் படுத்தது, இறக்கையை ஒரு தடவை அடித்தது, அடங்கிவிட்டது. காஜா முகைதீன் கிடையில் முதல்முறையாக ஒரு தாரா தானாகச் செத்தது.

“ஹராமாக்கிட்டியேட்டி” என்று அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தாராவுக்காக அவர் அழவில்லை. பேர் போயிற்று என்றுதான் அழுதார். ரைஹானத்துக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சாவே இல்லாத கிடையில் சீக்கு என்றைக்கு வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? தலை சாய்ந்த ஒவ்வொன்றையும் இந்த மனுஷன் சுடச்சுடக் கறியாக்கி ஊருக்குள் அனுப்பியிருக்கிறார். அறுத்ததும் கொதிதண்ணீரில் முக்கி இறகு பறித்ததும் அவர் கைதான்.

“மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாட்ட சொல்லிருவோம் மச்சான்.”

“சொன்னா?”

“வந்து பாப்பாவ.”

“பாத்துட்டு? மொத்தத்தையும் கொன்னு குழியில போடுவாவ. தெரியுமுல்லா? பெறவு நீயும் நானும் என்னத்த மேய்க்கது, காத்தையா?”

அது பொய்யில்லை. அந்தக் கூட்டத்தைத் தவிர அவர்களுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. ரைஹானத் கூட்டத்தைப் பார்த்தபடி வலையோரமாக ஒரு சுற்று நடந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் காஜா முகைதீன் கரை மேல் ஏறி அம்பாசமுத்திரத்து வியாபாரிக்குப் போன் போட்டுவிட்டார்.

மத்தியானம் தாண்டி அப்ரார் வண்டியோடு வந்து இறங்கினான். தாரா, கோழி மொத்த வியாபாரி. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, எதையும் ‘லேசா முடிச்சிரலாம்’ என்று சொல்கிற வாய். வண்டி நிறையப் பிளாஸ்டிக் கூண்டு. அவனோடு வந்த ஆட்கள் கூண்டை இறக்கி வரப்பில் அடுக்கத் தொடங்கினார்கள்.

ரைஹானத் கிடையின் வாசலில், வலை திறக்கிற இடத்தில், கம்பை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து தண்ணீர் படாத நாக்கு. தலைக்கு மேலே வெயில்.

“மைனி, கொஞ்சம் எந்திரிச்சுக்கிடுங்க. தாராவ ஏத்தணும்” என்றான் அப்ரார்.

“எங்க கொண்டு போறிய?”

“பெருநாளு வருதுல்லா. நாலு ஊருக்குப் பிரிச்சு விட்டா நாளைக்கே முடிஞ்சிரும். நம்ம மச்சான் பாவம்னுதான் நான் வந்தேன். வேற ஒருத்தன் இந்த நேரத்துல வருவானா?”

“சீக்குத் தாரான்னு தெரிஞ்சுதான் வந்தியளா?”

“மைனி, அதெல்லாம் லேசா முடிச்சிரலாம். நல்லாருக்கத மட்டும் ஏத்துவோம். வெந்துட்டா எந்தச் சீக்கும் நிக்காது.”

“வேவறதுக்கு முந்தி? பிடிக்கது யாரு, அறுக்கது யாரு, இறகு பறிக்கது யாரு? ஒங்க கூண்டுல இருந்து எச்சத்த வழிச்சுக் கொட்டுதவன் யாரு? அந்த நாலு ஊருலயும் கோழி கெடக்குல்லா, தாரா கெடக்குல்லா?”

காஜா முகைதீன் குறுக்கே வந்தார். “ஏட்டி, எந்திரி. ஆம்பளைய பேசிட்டு இருக்கோம்ல.”

“பேசுங்க. நான் ஒங்க வாயவா அடைச்சேன்? வாசலத்தான் அடைச்சிருக்கேன்.”

கூண்டு இறக்கிய ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அப்ராரின் முகம் கறுத்தது.

அதற்குள் மாரித்தாய் மூச்சு வாங்க ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டில் கோழிக்கூட்டம் உண்டு. அதில் சுடலைமாடன் கொடைக்கென்று நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று, செக்கச்செவேலென்று தெருவையே தன் பேருக்கு எழுதி வைத்ததுபோல நடக்கும். வண்டி வந்த சேதியும், காலையில் வரப்பில் நடந்த பேச்சும் அதற்குள் தெரு முழுக்கப் போயிருந்தன.

“ஏ ரைஹானத்து, நெசமாட்டி? டாக்டரக் கூப்புடப் போறேன்னியாமே?”

“ஆமாக்கா.”

“நீ நாசமாப் போக. ஒன் தாராவுக்குச் சீக்குன்னா ஒன்னோட வச்சுக்க. அவுக வந்தா எங்க கோழியையும்லா பிடிப்பாவ? சாமிக்கு விட்ட சேவலுட்டி!”

“பிடிப்பாவதான்க்கா. பொய் சொல்லமாட்டேன். அதுக்கு என்னைய ஏசு, மண்ணை வாரித் தூத்து, கேட்டுக்கிடுதேன். ஆனா இத மூடி வைக்கமாட்டேன். மூடி வச்சாலும் ஒன் சேவலு சாகத்தான் போவுது. அதுக்கு முந்தி ஒன் மக பிள்ளைக்குக் காய்ச்சலு வந்தா யாரக் கேப்ப?”

அந்த வாரம் தாராக் கறி வாங்கித் தின்றது அப்போதுதான் மாரித்தாய்க்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். தன் கைகளைச் சேலையில் துடைத்தாள்.

அப்ரார் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். “மைனி, நோம்பும் அதுவுமா ஒரு மனுஷன் பொழப்புல மண்ணப் போடுதிய. அல்லாவுக்கு அடுக்குமா?”

ரைஹானத் கம்பை ஊன்றி எழுந்தாள். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது அப்போது வந்தது.

“செத்தது ஹராம்னு தெரியுது ஒங்களுக்கெல்லாம். கத்தியத் தூக்கிட்டு ஓடுதிய. சீக்க மூடி ஊரு ஊரா வித்த துட்டு மட்டும் ஹலாலோ? எந்தப் பள்ளிவாசல் ஹஸரத்து சொன்னாருவே? கூட்டிட்டு வாரும், நான் கேக்கேன்!”

சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அனுராதா எடுத்தார்.

“டாக்டரம்மா, மணக்கால்குளம் தாராக்காரி ரைஹானத் பேசுதேன். எங்க கிடையில தாராவுக்குக் கழுத்து முறுகுது. கண்ணு வெள்ளையாவுது. குளத்துலயும் ஒரு கிளுவை அதே மாரி செத்துக் கெடக்கு.”

“எத்தனை செத்திருக்கும்மா?”

“செத்தது ஒண்ணு. அறுத்தது நெறைய.”

“அறுத்ததா? எதுக்கு?”

“சாகப்போவுதுன்னு.”

டாக்டர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “இனிமே ஒண்ணையும் யாரும் தொடாதீங்க. அறுத்தவர் யாரோ அவரைத் தனியா உக்கார வைங்க. எதையும் வண்டியில ஏத்திராதீங்க. நான் கிளம்பிட்டேன்.”

“ஏத்தத்தான் ஒரு வண்டி வந்து நிக்கி டாக்டரம்மா. நம்பரு சொல்லட்டுமா?”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்ரார் அதற்குள் சீட்டில் ஏறியிருந்தான். பாதிக் கூண்டை வரப்பிலேயே விட்டுவிட்டு வண்டி போயிற்று.

அன்று நோன்பு திறக்கும்போது ரைஹானத்தும் காஜா முகைதீனும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். பள்ளிவாசல் கஞ்சி ஆறி ஆடை கட்டியது. அவர் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மெல்லாமலே இருந்தார். “ஊரு நம்மள விடாதுட்டி” என்றார். “விடாட்டா போவுது, நாம ஊர விடப்போறதில்லைல்லா” என்றாள் அவள்.

ஊர் அவர் சொன்னபடியே செய்தது. மாதிரி எடுத்துப் போபால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பதில் வரும் வரைக்கும் அவர்கள் வீட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பால்காரன் தெருமுனையிலேயே திரும்பினான். காஜா முகைதீனுக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் அது சாதாரணக் காய்ச்சல் என்று தெரிந்தது. கறி வாங்கித் தின்ற வீடுகளையும் நர்சுகள் தினம் வந்து பார்த்துப் போனார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் இல்லாத நாளெல்லாம் ரைஹானத் தொழுகைப் பாயை விட்டு எழவில்லை. ஊருக்கு முன்னால் காட்டிய தைரியமெல்லாம் அந்தப் பாயில் கரைந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

நடுவில் நான்கைந்து ஆம்பிளைகள் தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார்கள். வெளியூர்ப் பறவைதான் சீக்கைக் கொண்டுவந்தது, விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று கணக்கு. அனுராதா டாக்டர் குளத்துக்கரையில் மறித்தார். “அதுங்க உங்களுக்குக் கொடுத்துச்சா, நீங்க அதுங்களுக்குக் கொடுத்தீங்களான்னு இப்போ யாரும் சொல்ல முடியாது. இங்கிருந்து கலைச்சா அடுத்த குளத்துல போய் இறங்கும். அங்கேயும் வெடி போடுவீங்களா?” அவர்கள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். பின்னால் கம்போடு வந்து நின்ற ரைஹானத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு வெடியோடு திரும்பினார்கள்.

போபாலிலிருந்து பதில் வந்தது. அந்தச் சீக்குதான்.

வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்தார்கள். புறம்போக்கில் குழி வெட்டினார்கள், சுண்ணாம்பு மூட்டைகள் இறங்கின. ஆனால் தாரா பிடிபடவில்லை. வெள்ளையாக எதையோ கண்டு மிரண்டு, கூட்டம் கூட்டமாக வலையில் மோதியது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிபட்டது. ஆட்கள் உடுப்புக்குள் வியர்த்து ஊற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

“எனக்கும் ஒண்ணு குடுங்க” என்று ரைஹானத் அந்த உடுப்பை வாங்கி மாட்டினாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. வலைக்கு நடுவில் போய் நின்று, தினமும் சாயங்காலம் தீனிக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள். “தா... தா... தா... தா...”

உடுப்பு எதுவானால் என்ன, குரல் தெரியுமே. தாராக்கள் நின்றன. திரும்பின. தலையை ஆட்டிக்கொண்டு, பேசிக்கொண்டு, தீனி கிடைக்கும் என்று நம்பி அவள் காலடியில் வந்து கூடின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கி, இறக்கையைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தாள். அந்தக் குரலை அவள் தன் வாழ்நாளில் அப்படி வெறுத்ததில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி மிரண்டு மிதிபட்டுச் சாகும். மிதிபட்டுச் சாவதைவிட இது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

கரை மேல் நின்று நான்கு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். கடைசித் தாராவும் போன பிறகு ரைஹானத் அவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

“பிடிச்சாச்சா? நல்லாத் தெரியுதா? இன்னாரு மூடி வச்சான்னு என் பேருல ஒரு சொல்லு இருக்கக் கூடாது, கேட்டியளா? நாந்தான் சொன்னேன். நாந்தான் பிடிச்சுக் குடுத்தேன். அதையும் சேத்துப் போடுங்க.”

மறுநாள் மாரித்தாய் வீட்டுக் கோழிகளும் போயின. சேவலைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்த மாரித்தாய், அதன்பின் தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ரைஹானத்தின் ஏழு தலைமுறையையும் ஏசிவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைப்பாள். ரைஹானத் ஒருநாளும் பதில் பேசவில்லை, ஒருநாளும் மன்னிப்பும் கேட்கவில்லை. ஏசி முடித்ததும் “அக்கா, தண்ணி வந்துட்டு, பிடிச்சுக்கிடு” என்பாள். குழாயடியில் மாரித்தாய் குடம் முதல் குடமாகவே இருந்தது.

தடை நீங்கி, மருந்தடித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, இருந்த இரண்டு வளையலும் போய்த் தாராக்குஞ்சுகள் வந்தன. கார் அறுப்புக்குள் வளர்ந்துவிட்டன. புரட்டாசியில் ஒரு காலைநேரம், காஜா முகைதீன் முன்னால் போக, ரைஹானத் கம்போடு பின்னால் வர, புதுக்கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு அருணாசலம் அண்ணாச்சி வயலுக்குப் போயிற்று. காஜா முகைதீன் இடுப்பில் பெல்ட் மட்டும் இருந்தது.

அண்ணாச்சி வரப்பு மேல் ஏறி, வழியை மறித்தாற்போல நின்றிருந்தார். மாசியில் டிவிக்காரன் அவர் வயலைச் சீக்கு வயல் என்று காட்டிவிட்டான் என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

“வா ரைஹானத்து. வயலு ஒனக்குத்தான், வேற யாருக்குக் குடுக்கப் போறேன்? ஒரே ஒரு சொல்லு மட்டும் எனக்குத் தரணும்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“இனி ஏதாவது ஒண்ணுன்னா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. நாம உக்காந்து பேசி பையப் பாத்துக்கிடுவோம். எடுத்த எடுப்புல போனப் போட்டு ஊர நாறடிச்சிராத. இதுக்குச் சரின்னா தாராவ எறக்கு.”

காஜா முகைதீன் அவளைத் திரும்பிப் பார்த்தார். சரியென்று சொல்லித் தொலை என்று அவர் கண் கெஞ்சியது. இந்த வயல் இல்லையென்றால் அந்தப் போகத்துக்குக் கிடை போட வேறு இடமில்லை. மற்ற வயல்காரர்கள் எல்லோரும் அண்ணாச்சி வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ரைஹானத்துக்கும் தெரியும்.

“மாட்டேன் அண்ணாச்சி.”

“என்னது?”

“ஒரு தாரா தல சாஞ்சாலும் மொதப் போனு டாக்டரம்மாவுக்குத்தான். ரெண்டாவது போனு ஒங்களுக்கு. ஊரு நாறுனா நாறட்டும். போன தடவ சொன்னேன், அடுத்த தடவையும் சொல்லுவேன்.”

“அப்ப வயலு?”

“வயலு ஒங்களது. தாரா எங்களது. சீக்கு எல்லாருக்கும் பொது. அதுல ஒங்களுக்கு மட்டும் மொத மரியாத தர முடியாது.”

அண்ணாச்சி அடுத்து என்ன சொல்வது என்று யோசித்தார். யோசிக்கத் தாராக்களுக்கு நேரமில்லை. அறுத்த நெல்தாளுக்கிடையில் நின்ற தண்ணீரின் வாசம் பட்டுவிட்டது. முன்னால் நின்ற ஒன்று அவர் காலைச் சுற்றிக்கொண்டு குதித்தது. அடுத்தது குதித்தது. பிறகு மொத்தக் கூட்டமும் வரப்பை வழிந்து வயலுக்குள் இறங்கிவிட்டது. ரைஹானத் கம்பை ஆட்டித் திருப்பியிருக்கலாம். ஆட்டவில்லை.

“வரப்பு மேல நிக்காதிய அண்ணாச்சி” என்றாள். “புதுத் தாரா. ஆளப் பாத்தா மிரளும்.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், தாராவைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பை விட்டு இறங்கி நின்றார்.